வலது கையும் வலது காலும்: 44 வயதில் டிரம்ஸ் தொடங்கிய ஒருவரின் 14 மாதங்கள்

ஆறாவது மாதத்தில் ஒரு வகுப்பின் நடுவே அவர் ஸ்டிக்குகளை ஸ்னேர் என்ற சிறிய டிரம்மின் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், என் வலது காலுக்கு வலது கை சொல்வது மட்டும்தான் கேட்கிறது. நான் சொல்வது கேட்கவே மாட்டேன் என்கிறது."

அலுப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாங்க சார், மறுபடி பார்ப்போம்" என்றேன். அவருடைய சிக்கலை அதைவிடச் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது என்பது எனக்குப் புரிய இன்னும் ஐந்து வாரம் ஆனது. அதுவரை நான் கொடுத்த பயிற்சிகள் எல்லாம், காலில் முள் குத்தியவருக்குக் கையில் களிம்பு தடவிய மாதிரிதான். பெரியவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், நாற்பது தாண்டி டிரம்ஸ் முன் உட்கார நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம்.

வந்தபோது

வயது 44. வலது கைக்காரர். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. எந்த வாத்தியமும் கற்றதில்லை. ஆனால் கேள்வி ஞானம் நிறைய. இருபத்தைந்து வருடமாக எந்தப் பாட்டைக் கேட்டாலும் டிரம்ஸை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கிறவர். ஒரு பாட்டில் சரணம் தொடங்கும் இடத்தில் ஹை-ஹாட் (பெடலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) லேசாகத் திறந்து மூடுவதை முதல் வகுப்பிலேயே வாயால் செய்து காட்டினார்.

இது நல்ல விஷயம்தான், ஆனால் இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. குழந்தைக்குக் காதும் கையும் சேர்ந்தே வளரும். பெரியவருக்குக் காது எப்போதோ வெகுதூரம் போய்விட்டது, கை இப்போதுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. தான் அடிப்பது எவ்வளவு பிசகு என்று அவருக்கே அப்பட்டமாகக் கேட்கும். பெரியவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவதற்கு நேரமில்லாததைக் காரணமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதிப்பேர் போவது இந்தக் காது கொடுக்கும் தொல்லையால்தான்.

"இந்த வயதில் வருமா?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கும் கேள்வி. நான் எப்போதும் சொல்வது பந்து வித்தை ஆய்வைத்தான். மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்க, முன்பின் தெரியாதவர்களை ஜெர்மனியில் மூன்று மாதம் பழக்கினார்கள். பழகுவதற்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், அசைவைப் பார்த்து உணரும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. பழகுவதை விட்டதும் குறைந்தது. அது 2004இல் வெளிவந்தது, இளைஞர்களிடம் செய்தது. 2008இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடமும் அதையே செய்து பார்த்தார்கள். அவர்கள் இளைஞர்கள் அளவுக்குத் தேறவில்லை, ஆனால் மூளையில் மாற்றம் இருந்தது. "அப்போ வரும், மெதுவா வரும்" என்றார். ஆமாம், அவ்வளவுதான்.

வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம். வீட்டில் முதல் மூன்று மாதம் ரப்பர் பேட் மட்டும். நான்காவது மாதம் மின்னணு டிரம்ஸ் வந்தது. என் அறையில் நிஜ டிரம்ஸ் என்பதால் காதடைப்பான் இல்லாமல் உட்காரவிடுவதில்லை. இதில் நான் யாருக்கும் இளகிக்கொடுப்பதில்லை. 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் நல ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு. அதன்படி 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த 100ஐச் சுலபமாகத் தாண்டும். நம் வகுப்போ 45 நிமிடம்.

முதல் மூன்று மாதம்

அவர் கொண்டுவந்த ஸ்டிக் 2பி, தடித்தது. அதைச் சுத்தியல் பிடிப்பது மாதிரி ஐந்து விரலும் இறுக்கிப் பிடித்தார். அதைவிட மெல்லிய 5ஏ கொடுத்தேன். இரண்டாவது வாரம் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கொப்புளம். மூன்றாவது வாரம் முன்கையில் வலி. விசாரித்தால், வார நாட்களில் ஸ்டிக்கைத் தொடுவதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டரை மணி நேரம். அதை நிறுத்தி நாளுக்கு 20 நிமிடம் என்று மாற்றினோம். வலி பத்து நாளில் போயிற்று.

பிடியைத் தளர்த்த நான் செய்யவைப்பது ஒன்றுதான். ஸ்டிக்கைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி நிறுத்தி, பேட் மேல் சும்மா விழவிட வேண்டும். அது தானாகவே ஏழெட்டு முறை துள்ளி அடங்கும். "அது தானே எழும் சார், நீங்க தூக்க வேண்டாம். தடுக்காம இருந்தா போதும்." அவர் அதை ஒரு வாரம் முழுக்கச் செய்தார். அலுக்கவே இல்லை என்றார். துள்ளலை எண்ணிக் குறித்தும் வைத்திருந்தார்.

அவர் எல்லாவற்றையும் குறித்துவைப்பார். தேதி, நேரம், பயிற்சி, மெட்ரோனோம் (சீராகக் கிளிக் தட்டி வேகம் காட்டும் கருவி) வேகம் என்று ஒரு அட்டவணை. பின்னால் அந்த அட்டவணையே ஒரு தொந்தரவானது, அதைச் சொல்கிறேன்.

பத்தாவது வாரம் அடிப்படை பீட் வந்துவிட்டது. ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை. வலது கை ஹை-ஹாட்டில் ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு அடி, இடது கை ஸ்னேரில் இரண்டிலும் நான்கிலும், வலது கால் கிக் டிரம்மில் (பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றிலும் மூன்றிலும். நிமிடத்துக்கு 70 எண்ணிக்கை வேகத்தில் மூன்று நிமிடம் நிற்காமல் அடித்தார். முகமெல்லாம் மலர்ந்துபோய், அதை எடுத்த வீடியோவை அன்றே மனைவிக்கு அனுப்பினார்.

மாட்டிக்கொண்ட இடம்

அடுத்த படி மிகச் சின்னது. கிக்கில் ஒரே ஒரு அடி கூடுதல். ஆனால் அதில்தான் நான்கு மாதம் போனது. அது எங்கே விழுகிறது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு எண்ணிக்கையையும் த-க-தி-மி என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹை-ஹாட் விழுவது "த"விலும் "தி"யிலும். அடிப்படை பீட்டில் கிக் விழுவது எப்போதும் "த"வில். அதாவது கால் இறங்கும்போதெல்லாம் கையும் கூடவே இறங்குகிறது. கால் தனியாக இறங்கும் இடம் என்று ஒன்றே கிடையாது. இப்போது இரண்டாவது எண்ணிக்கையின் "மி"யில் ஒரு கிக் சேர்க்கிறோம். முன்னால் "தி"யில் கை, பின்னால் மூன்றாவது எண்ணிக்கையின் "த"வில் கையும் காலும். நடுவில் "மி"யில் கால் மட்டும். டிரம்ஸில் வலது கால் முதல்முறை துணையில்லாமல் இறங்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அவருக்கு அந்த "மி"யில் கையும் கூடவே இறங்கியது. ஹை-ஹாட்டில் ஓர் அடி அதிகமாகக் கேட்டது. கையைப் பிடித்து நிறுத்தினால் கால் தாமதித்து அடுத்த "த"வில் போய் ஒட்டிக்கொண்டது. 80 வேகத்தில் "மி"க்கும் அடுத்த "த"வுக்கும் இடையே 0.19 வினாடிதான் என்பதால், வேகம் அதிகம் போல என்று 60க்கு இறக்கினேன். அதே பிசகு, இன்னும் தெளிவாக.

என் தவறு

டிரம்ஸ் ஆசிரியர்கள் வாயில் ஓயாமல் வரும் சொல் "இன்டிபென்டென்ஸ்". ஒவ்வொரு கையும் காலும் மற்றதைச் சாராமல் இயங்க வேண்டும் என்று பொருள். இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அணிவகுப்பு இசைக்குழுவில் பெரிய டிரம் ஒருவர், ஸ்னேர் ஒருவர், சிம்பல் ஒருவர் என்று தனித்தனி ஆட்கள் வாசித்தார்கள். அரங்கத்துக்குள் வந்தபோது இடமும் ஆளும் குறைந்து, எல்லாம் ஒருவர் தலையில் விழுந்தது. 1909இல் வில்லியம் லட்விக் நடைமுறைக்கு ஒத்துவரும் கிக் பெடல் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு பெரிய டிரம் காலுக்குப் போனது. 1920களில் ஹை-ஹாட் உருவாகி இடது காலுக்கும் வேலை வந்தது. இன்று நாம் உட்காரும் டிரம் கிட், மூன்று நான்கு பேர் வேலையை ஒருவர் செய்வதற்காகக் கட்டியது. அதனால்தானோ என்னவோ, டிரம்மருக்குள் நான்கு பேர் குடியிருக்க வேண்டும் என்பதுபோலவே பேசிப் பழகிவிட்டோம்.

நானும் அப்படியே நம்பினேன். வலது கை மாறாமல் ஓடிக்கொண்டிருக்க, காலுக்கு மட்டும் விதவிதமான வரிசைகள். வாரம் ஒரு பக்கம். கால் கையை விட்டு விலகக் கற்றுக்கொள்ளட்டும் என்பது திட்டம். மூன்று மாதம் இது ஓடியது.

என்ன நடந்தது என்றால், ஒரு வரிசையை 40 நிமிடம் முட்டிமோதி ஒருவாறு பிடிப்பார். அடுத்த வாரம் வந்தால் அது இருக்காது. அடுத்த வரிசைக்கு முந்தையது உதவவும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி மனப்பாடம். அட்டவணையில் வேகம் ஏறவில்லை என்பதால் தினமும் 2 கூட்டி வைத்துப் பார்த்து, தோற்று, மறுநாள் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தார். அந்த நாட்களில்தான் கால், கை பற்றி முதலில் சொன்னதைச் சொன்னார். அவர் முயற்சியில் ஒரு குறையும் இல்லை. இருபது வயதுக்காரர் யாரும் அவ்வளவு சிரத்தையாகப் பழகி நான் பார்த்ததில்லை. குறை நான் கொடுத்த பயிற்சியில்.

வீடியோ

ஏழாவது மாதம், வேறு ஒரு விஷயத்துக்காகப் பக்கவாட்டில் போனை வைத்துப் பதிவு செய்தேன். இரண்டாவது எண்ணிக்கையில் ஸ்னேரும் ஹை-ஹாட்டும் ஒன்றாக விழாமல் பிளந்து "ட்ரக்" என்று கேட்டுக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கத்தான். இரவு நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது கண்ணில் பட்டது வேறு.

முதலில், ஸ்டூல். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தது. அவருக்கு முந்தைய வகுப்புக்கு ஒரு சிறுமி வருவாள், அவளுக்காக இறக்கியது அப்படியே கிடந்திருக்கிறது. வீட்டிலும் அவர் தாழ்வாகத்தான் உட்கார்ந்தார், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால் கணுக்காலால் பெடலை மிதிக்க முடியாது. அவர் ஒவ்வொரு கிக்குக்கும் தொடையோடு சேர்த்து முழுக் காலையும் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம், "மி" வருவதற்கு முன்னால் உதடு இறுகுகிறது. மூச்சு நிற்கிறது. வலது தோள் எழும்புகிறது. கால் இறங்கும்போது தோளும் இறங்குகிறது, தோளோடு முழங்கை, முழங்கையோடு ஸ்டிக். அந்தக் கூடுதல் ஹை-ஹாட் அடியை அவர் கை அடிக்கவே இல்லை. அவருடைய வலது பக்க உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாக ஏறி இறங்கியதில், ஸ்டிக் போய் இடித்திருக்கிறது.

இதில் உடம்பின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. உட்கார்ந்தபடி வலது பாதத்தைக் கடிகாரச் சுற்றில் சுழற்றிக்கொண்டே, வலது கை விரலால் காற்றில் 6 என்று எழுதிப் பாருங்கள். பாதம் தடுமாறும், அல்லது திரும்பி எதிர்ச்சுற்றில் போகும். ஒரே பக்கத்துக் கையும் காலும் ஒரே திசையில் போகத்தான் விரும்பும். இன்னொன்று: இரண்டு ஆட்காட்டி விரல்களையும் ஒன்று மாற்றி ஒன்றாக மேசையில் தட்டி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து விழத் தொடங்கும். விரல் அசைவில் வரும் இந்தத் தாவலை ஸ்காட் கெல்சோ 1980களில் ஆராய்ந்தார். ஹாக்கன், கெல்சோ, புன்ஸ் மூவரும் 1985இல் இதற்கு ஒரு கணித மாதிரியே எழுதினார்கள். இதையெல்லாம் நான் முன்பே படித்தவன். ஆனால் என் மாணவரோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒட்டிக்கொள்வதுதான் உடம்புக்கு இயல்பு என்றால், நல்ல டிரம்மர் எப்படி அடிக்கிறார்? என் கையையும் காலையும் கவனித்தபடி அன்று இரவு நானே உட்கார்ந்து அதே பீட்டை மெதுவாக அடித்தேன். என் கால் கையை விட்டு விலகவே இல்லை. கை, கை, கால், இரண்டும், கை என்று ஒரே சரமாகப் போகிறது. பூத்தொடுப்பது மாதிரி. ஒரு பூ மல்லிகை, அடுத்தது கனகாம்பரம், ஆனால் நார் ஒன்று. கேட்பவருக்குத்தான் அது மூன்று பேர் தனித்தனியே வாசிப்பதுபோல இருக்கிறது. அடிப்பவருக்குள் இருப்பது ஒரே ஆள், ஒரே வரிசை. நான் மூன்று மாதமாக அவரிடம் நாரை அறுத்துவிட்டுப் பூவைத் தனித்தனியாகப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருத்தம்

அடுத்த வகுப்பில் வீடியோவைக் காட்டினேன். நான் கொடுத்தது தவறான பயிற்சி, இனி மாற்றிச் செய்வோம் என்று நேராகவே சொன்னேன். அவர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "கையைத் திட்டிக்கிட்டே இருந்தேனே மாஸ்டர்" என்றார்.

ஸ்டூலை 5 செ.மீ. உயர்த்தி, தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரியும்படி வைத்தோம். குதிகாலைப் பெடலிலேயே பதித்து, கணுக்காலால் மட்டும் மிதிக்கச் சொன்னேன். கிக் சத்தம் பாதியாகக் குறைந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை, வயிற்றில் இடிக்கும் அந்தச் சத்தத்துக்காகத்தானே வந்தார். ஆறு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். குதிகாலைத் தூக்கி அடிப்பது தவறில்லை, பெரும்பாலோர் அப்படித்தான் அடிக்கிறார்கள். ஆனால் அதை இடுப்பிலிருந்து செய்யாமல் கணுக்காலிலிருந்து செய்யத் தெரிந்த பிறகு தூக்கட்டும்.

அடுத்தது வாய். டிரம்ஸை விட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தோம். கையும் காலும் சும்மா. மெட்ரோனோம் 50. அந்த வேகத்தில் ஒரு எண்ணிக்கை 1.2 வினாடி, த-க-தி-மியில் ஓர் எழுத்துக்கு 0.3 வினாடி. பேசுவதற்கு வசதியான வேகம். சிக்கலான அந்த இரண்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்து, எது விழுகிறதோ அதன் பெயரையே சொல்லவைத்தேன். இரண்டாவது எண்ணிக்கை: "கை, (மௌனம்), கை, கால்". மூன்றாவது: "சேர்ந்து, (மௌனம்), கை, (மௌனம்)". ஸ்னேரை இப்போதைக்கு விட்டுவிட்டோம்.

"இரண்டு நாளுக்கு வாய் மட்டும் சார். ஸ்டிக்கைத் தொடாதீங்க."

வாயால் சொல்லும்போதும் அவர் முதலில் "கால்"ஐத் தாமதமாகத்தான் சொன்னார், அடுத்த "சேர்ந்து"வோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிசகு காலில் இல்லை, அவருக்குள் அந்த வரிசையே இன்னும் உருவாகவில்லை என்பது அப்போது உறுதியானது. வாயில் இல்லாத ஒன்றைக் காலிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து வாயோடு சேர்த்து, கை தொடையில், பாதம் தரையில். நான்கு நாள் அது. அதற்குப் பிறகுதான் டிரம்ஸ்.

அந்த வகுப்பை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். 50 வேகம். முதல் நான்கைந்து முயற்சியில் வாய் சரியாகச் சொல்ல, கை பழைய பழக்கத்தில் ஒரு அடி கூட்டிப் போட்டது. "கையைப் பார்க்காதீங்க, சொல்லிக்கிட்டே இருங்க" என்றேன். எட்டாவது முயற்சியில் "கால்" என்று அவர் சொன்னபோது கிக் மட்டும் கேட்டது. ஹை-ஹாட் மேல் ஸ்டிக் ஓர் அங்குலத்தில் அசையாமல் நின்றது. அடுத்த சுற்றும் அப்படியே. நான்கு சுற்று வந்ததும் அவரே நிறுத்திவிட்டுத் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார்.

வாயால் சொல்வதில் நான் எதிர்பாராத ஒரு லாபமும் இருந்தது. பேசிக்கொண்டே மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. மூச்சு நிற்கவில்லை என்றால் தோள் எழுவதில்லை. "மூச்சை விடுங்க, தோளை இறக்குங்க" என்று ஆறு மாதமாக நான் சொல்லியும் நடக்காதது, அவர் "கை, கை, கால்" என்று சொல்லத் தொடங்கியதும் தானே நடந்தது.

அட்டவணையையும் மாற்றினோம். வேகம் என்ற பத்தியை எடுத்துவிட்டு, "தோள் எங்கே இருந்தது" என்று ஒரு பத்தி. கணக்குப் பார்ப்பவருக்கு எண் இல்லாத பத்தி முதலில் உறுத்தியது. வேகத்தை வகுப்பில் நான் மட்டும் ஏற்றுவேன் என்று பேசிக்கொண்டோம். மூன்று வாரத்தில் 62. 66இல் கூடுதல் அடி திரும்பி வந்தது, 58க்கு இறங்கி ஒரு வாரம் இருந்தோம். பதினொன்றாவது மாதம் 84. அதற்குள் ஸ்னேர் சேர்ந்துவிட்டது, குதிகாலும் எழும்பிவிட்டது, பழைய சத்தமும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. பிளந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்னேர் அதற்கென்று எதுவும் செய்யாமலேயே சேர்ந்துகொண்டது. தோள் இறங்கியதால்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டூலா, வாயா, எது குணப்படுத்தியது? இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றியது ஆய்வு முறைப்படி சரியில்லை. ஆனால் ஒன்பதாவது மாதம் ஒரு புது வரிசை கொடுத்தேன், கிக் "க"வில் விழுவது. ஸ்டூல் சரியான உயரத்தில்தான் இருந்தது. வாயால் சொல்லாமல் நேரே அடித்தார், கூடுதல் அடி வந்தது. வாயால் சொல்லி அடித்தார், பத்து நிமிடத்தில் போய்விட்டது. மூன்று மாதம் எடுத்தது பத்து நிமிடமானது. ஸ்டூல் இல்லாமல் முடிந்திருக்காது, ஆனால் வேலையின் பெரும்பகுதியைச் செய்தது வாய்தான் என்று அன்றிலிருந்து நம்புகிறேன். நம் மொழியில் தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு என்ற ஒன்று காலகாலமாக இருந்தும், டிரம்ஸ் வகுப்பில் அதை எண்ணிக்கை பிரிக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஃபில்லில் ஓட்டம்

பத்தாவது மாதத்தில் இன்னொன்று தலைகாட்டியது, இது சீக்கிரம் முடிந்தது. ஃபில் என்பது பீட்டுக்கு நடுவே நிரப்பி அடிக்கும் சின்ன வரிசை. இது ஒரு சுற்று முழுக்க ஸ்னேர், இரண்டு டாம் டிரம், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் என்று நான்கு நான்காக 16 அடி போகும் ஃபில். 80 வேகத்தில் அது 3 வினாடி எடுக்க வேண்டும். பதிவில் அளந்தால் அவருக்கு 2.7. கிட்டத்தட்ட 89 வேகம். ஓடிப்போய் அடுத்த சுற்றின் தலையில் விழுந்து, கிளிக் வரும்வரை காத்திருந்தார்.

"கிளிக்கோடு சேர்த்து அடிங்க" என்று சொன்னால் இது கூடும். கிளிக்குக்குச் சேர்ந்து தட்டச் சொன்னால் மனிதர்கள் பொதுவாகவே சில பத்து மில்லிவினாடி முந்தித்தான் தட்டுவார்கள், குறிப்பாகப் பழக்கமில்லாதவர்கள். அதற்குப் பதிலாக, "கிளிக் சத்தம் கேட்கக்கூடாது, உங்க அடி அதை மூடணும்" என்றேன். அடி சரியாக மேலே விழுந்தால் கிளிக் காணாமல் போகும். முந்தினால் பின்னால் தனியாகக் கேட்கும். அந்த நல்ல காது இங்கே கைகொடுத்தது. நான்கு தகதிமியை ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டே அடித்து, மூன்றே வாரத்தில் 2.9க்கு வந்துவிட்டார்.

மற்றவர்களோடு

பதின்மூன்றாவது மாதம் அவருடைய நண்பர்கள் இருவர், ஒருவர் பேஸ் கிட்டார், ஒருவர் கிட்டார், என் அறைக்கு வந்தார்கள். முதல் பாட்டு ஓட்டமாக ஓடியது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்தினார்கள். முடிந்ததும் அவர் முகம் வாடியிருந்தது. தன் சத்தமே தனக்குக் கேட்கவில்லை என்றார்.

"நாலு சுற்று வாயால மட்டும் சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றேன். நண்பர்கள் காத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு ஸ்டிக்கைத் தட்டி நான்கு எண்ணித் தொடங்கினார். வேகம் 76 இருக்கும். இரண்டாவது சுற்றில் பேஸ் வாசித்தவர் தலையை நிமிர்த்தி, இவருடைய வலது காலைப் பார்க்கத் தொடங்கினார். "மி"யில் கிக் விழும் இடத்தில் அவரும் அந்தத் தந்தியைத் தொட்டார். அதற்குப் பிறகு அந்த அடி இரண்டு பேருடையதானது. பாட்டு நாலரை நிமிடம் ஓடியது. ஃபில் ஒன்று ஓடிப்போனதைத் தவிர மற்றதெல்லாம் நிலையாக நின்றது.

இப்போது 14ஆவது மாதம். இடது காலால் இரண்டிலும் நான்கிலும் ஹை-ஹாட் பெடலை மூடப் பழகுகிறோம், வலது கை ஹை-ஹாட்டை விட்டு ரைடு சிம்பலுக்குப் போய்விட்டது. வலது கால் "மி"யில் இறங்கும்போதெல்லாம் இடது கால் மறந்துவிடுகிறது. போன வகுப்பில் அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்: "இடது கால். 50. இரண்டு நாள் வாய் மட்டும்."